ஒன்றரைக் கட்டை மேலே

யாரிடமிருந்தும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று இருபத்தைந்து வருஷம் பேட்டி கொடுத்தவர்கள் நாங்கள். பங்க் ராக் பாட்டுக் குழு என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது வால்தெரின் கட்சி. அவன்தான் எங்கள் பாடகன். மைக் அவன் கையில் இருந்ததால் நாங்களும் தலையாட்டிக்கொண்டு இருந்தோம். போன வருஷம் அவன் நெஞ்சில் ஒரு சின்னக் குழாய் வைத்து அடைப்பை எடுத்தார்கள். அதோடு ஐயாவுக்கு ஞானம் பிறந்துவிட்டது. சாகிறதுக்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், நமக்கு முன்னால் பாடினவர்கள் பாட்டை எல்லாம் எடுத்து ஒரு ஆல்பம் போட வேண்டும், அதற்கு 'இவர்களிடம்தான் திருடினோம்' என்று பெயர் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

எங்கள் குழுவின் பெயர் காஷோஸ். ஆணிக்கால் என்று அர்த்தம். எங்கள் ஊர் பெராஸாதெகியில் கண்ணாடித் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு கார் ஷெட்டில் 1986இல் ஆரம்பித்தோம். தீனோ கிதார், அவன் மச்சினன் பேஸ், நான் டிரம்ஸ். என் பெயர் ஸுல்மா. பதினாறு வயதில் எலும்பும் தோலுமாக இருந்தேன் என்று 'ஒல்லி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு எழுபத்தெட்டு கிலோ இருக்கிறேன், இன்னும் ஒல்லிதான். எங்கள் ஊரில் ஒருத்தருக்குப் பட்டம் வைத்தால் அது அவரோடு கல்லறை வரை போகும்.

பதினொரு பாட்டுகள் தேர்வு செய்தோம். பத்துப் பாட்டுக்குச் சண்டை நடந்தது. பதினோராவதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, அது 'ஈரத் துணி'தான் என்று எல்லோருக்கும் தெரியும். எழுபத்து மூன்றில் 'உடைந்த குடைகள்' என்ற குழு பாடியது. ஒரே ஒரு இசைத்தட்டு போட்டுவிட்டுக் கலைந்துபோன குழு. தட்டும் கடையில் வந்த வேகத்திலேயே மறைந்துவிட்டது. நாங்கள் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் ஒவ்வொரு கச்சேரியும் அந்தப் பாட்டோடுதான் முடியும். வால்தெர் கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்கக் கத்துவான், நான் கை தெரியாத வேகத்தில் அடிப்பேன், கூட்டம் ஒருவர் மேல் ஒருவராக விழும். ஒருமுறை ஒரு வயதான விமர்சகர், சாதுவான பழைய பாட்டை எடுத்துக் கொதிக்க வைத்துவிட்டார்கள் என்று எங்களைப் பாராட்டி எழுதினார். மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று சிரித்தோம். நாங்கள் எதையும் கொதிக்க வைக்கவில்லை. மூலத்தில் எந்த வேகமோ அதே வேகத்தில்தான் வாசித்தோம்.

மூலம் என்று நான் சொல்வது ஒரு கேசட்டை. அதை எனக்குக் கொடுத்தவன் என் அண்ணன் அன்செல்மோ.

எண்பத்திரண்டு ஏப்ரலில் ஆங்கிலேயரோடு தீவுக்காகப் போர் தொடங்கியதும் ரேடியோவில் ஆங்கிலப் பாட்டுகளை நிறுத்திவிட்டார்கள். போடுவதற்கு வேறு இல்லாமல் நம் நாட்டுக் குழுக்களின் பாட்டுகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். அன்செல்மோவுக்கு அப்போது இருபது வயது. கட்டாய ராணுவ சேவையை முடித்துவிட்டுத் திரும்பி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, மறுபடி வரச் சொல்லித் தந்தி வந்தது. செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் சமையலறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் 'ஈரத் துணி' என்று சொன்னதும் அன்செல்மோ பாய்ந்து போய் டேப் ரெக்கார்டரை ரேடியோ முன்னால் வைத்து அமுக்கினான். எனக்குப் பன்னிரண்டு வயது. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன், அவன் அடக்கினான். பாட்டு முழுக்க அவனும் கூடவே முணுமுணுத்தான். முடிகிற நேரத்தில் ராவியோலி ஆறுகிறது என்று அம்மா கூப்பிட்டாள், வருகிறேன் என்று அவன் பதில் சொன்னான். எல்லாம் கேசட்டில் விழுந்துவிட்டது. இது உனக்கு, வந்து கேட்பேன், தொலைத்தால் உதைப்பேன் என்று சொல்லி என் கையில் கொடுத்தான்.

ஜூனில் இறந்துபோனான். தீவில் எந்தக் குழியில் கிடக்கிறான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சிலுவையில் பேரில்லாத குழிகளில் ஏதோ ஒன்று. எங்களிடம் இருந்தது இரண்டு கடிதமும் நாலு போட்டோவும் இந்தக் கேசட்டும்தான். அவன் குரல் உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

செத்தவர்களிடமிருந்து முதலில் போவது குரல்தான். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, சட்டையில் வாசனை கொஞ்ச காலம் இருக்கும். குரல் ஓராண்டுகூட நிற்காது. ஆனால் எனக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. மெத்தைக்கு அடியில் கேசட்டை ஒளித்துவைத்து அம்மாவுக்குத் தெரியாமல் கேட்டேன். அண்ணனின் மெலிந்த, துள்ளுகிற குரல் என் காதிலேயே இருந்தது. அந்தப் பாட்டுக்குத் தட்டித் தட்டித்தான் டிரம்ஸ் பழகினேன். தீனோவும் வால்தெரும் அதைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். காஷோஸ் குழுவின் வேகம் என்று ஊரெல்லாம் பேசுகிற வேகம் அந்தக் கேசட்டின் வேகம்தான்.

பதினேழு வயதில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அன்செல்மோவின் பிறந்த நாள், ஆகஸ்டு ஒன்பது. அவளை அழவைக்க வேண்டும் என்றுகூட நினைத்திருப்பேன், யார் கண்டது. அவள் அதுவரை என் முன்னால் அழுததே இல்லை. பாட்டு முடியும் வரை அடுப்புப் பக்கம் நின்று கேட்டாள்.

"இது என் பிள்ள குரல் இல்ல. கடைசில ஒருத்தி கீச்சு கீச்சுன்னு கத்துறாளே, அது நானும் இல்ல" என்றாள். பிறகு கொடியில் துணி எடுக்கப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போய்க் கத்தினேன். பெற்ற பிள்ளையின் குரலையே மறந்துபோன நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று கேட்டேன். அக்கம்பக்கத்தில் ஜன்னல் திறந்தது. அம்மா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். எட்டு நாள் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

அடுத்த வருஷம் அதே தேதியில் அவளாகவே அந்தக் கேசட்டைப் போடு என்றாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் ஏப்ரனைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். முடிந்ததும் என்னைப் பார்த்து, "ஆமா, அவன்தான்" என்றாள். தப்பை ஒத்துக்கொண்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆகஸ்டு ஒன்பதும் அப்படித்தான். நான் எங்கே கச்சேரியில் இருந்தாலும் வந்துவிடுவேன். ஏப்ரன், நாற்காலி, மடியில் கை, கடைசியில் அந்த இரண்டு வார்த்தை. இருபத்து மூன்று முறை. போன நவம்பரில் அம்மாவும் போய்விட்டாள்.

இந்த வருஷம் ஆகஸ்டு ஒன்பது செவ்வாய்க்கிழமை வந்தது. கேசட்டைப் போட்டுக் காட்ட எனக்கு ஆளில்லை. அதனால்தான் 'ஈரத் துணி'யை அன்றைக்கே பதிவு செய்யலாம் என்று நானே சொல்லி, கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு கில்மெஸில் இருக்கிற ஸ்டுடியோவுக்குப் போனேன். அண்ணன் கொடுத்தபடி, ஒரு இம்மி பிசகாமல், அது ஆல்பத்தில் ஏற வேண்டும். இந்த ஆல்பத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மற்ற பத்துப் பாட்டை வால்தெர் எப்படி வேண்டுமானாலும் கத்திக்கொள்ளட்டும்.

ஸ்டுடியோ மாபெலுடையது. என் வயதுதான், முன்னால் ரேடியோ நிலையத்தில் ஒலிப்பதிவுக்காரியாக இருந்தவள். தேவைக்கு மேல் பேச மாட்டாள். அன்றைக்கு தீனோ வந்ததே மாப்பிள்ளை போல வந்தான். கக்கத்தில் செய்தித்தாள் சுற்றின பொட்டலம். பூங்காவில் பழைய தட்டு விற்கிற கடைகளில் நாலு மாதமாகத் தேடினானாம். பிரித்தால் 'உடைந்த குடைகள்', அசல் தட்டு. என் அண்ணன் பிறந்த நாளுக்குப் பரிசு என்று சொல்லி என் கையில் கொடுத்தான். நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இந்த ஆல்பத்துக்கு நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எந்தப் பாட்டையும் தொடுவதற்கு முன்னால் அசலை ஒருமுறை நின்றபடியே கேட்போம். யாரும் பேசக் கூடாது, மாத்தே டீக் குவளைகூடக் கை மாறாது. அப்படியே நின்றோம். மாபெல் முள்ளை வைத்தாள்.

ஏதோ தப்பு என்று முதல் வரியிலேயே தெரிந்தது. பாட்டு நடக்க மாட்டாமல் நடந்தது. பாடுகிறவனின் குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. 'கொடியில் கிடக்குது சட்டை, எடுக்க ஆள் இல்லை' என்று நாங்கள் வருஷக்கணக்காகக் கத்திய வரியை அவன் யாருக்கோ காதில் சொல்வது மாதிரிப் பாடினான். வழக்கத்தை மீறி வால்தெர்தான் முதலில் வாய் திறந்தான். தட்டு சுற்றும் வேகத்தைச் சரிபார்க்கச் சொன்னான். மாபெல் பெல்ட்டைப் பார்த்தாள், தனக்கு நன்றாகத் தெரிந்த வேறு ஒரு தட்டைப் போட்டுப் பார்த்தாள். மிஷினில் ஒரு குறையும் இல்லை. தீனோ கிதாரை எடுத்து மீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றரைக் கட்டை கீழே இருக்கிறது என்றான்.

வால்தெர் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தான். "இருவத்தஞ்சு வருஷம்டா. ஒன்றரைக் கட்ட மேல நின்னு கத்தி என் தொண்டையில ரெண்டு ஆபரேஷன். இந்த ஆளு படுத்துக்கிட்டே பாடியிருக்கான்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த விமர்சகரை நினைத்து இன்னும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டுதான் தப்பு, அச்சடித்தவன் கோட்டை விட்டிருப்பான், அதனால்தான் விற்கவில்லை என்று வாதாடினேன். என் அண்ணன் பதிவு செய்தது தப்பாக இருக்காது என்றேன். அது வாதமே இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் விட மனசில்லை.

மாபெல் கேசட்டை வாங்கிப் போட்டாள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு ரீங்காரம் இருக்கும், ரேடியோவின் இரைச்சல். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத் திரையில் எதையோ பார்த்தாள்.

"இந்த நாட்டுல கரண்டோட ரீங்காரம் நொடிக்கு அம்பது. உன் கேசட்டுல கிட்டத்தட்ட அறுவது வருது. ஒண்ணு, நீ வேற நாட்டுல பதிஞ்சிருக்கணும். இல்லன்னா ரெக்கார்டர்ல பேட்டரி தீர்ந்துபோயிருக்கணும்."

அது எப்படி என்று தீனோ கேட்டான். பேட்டரி இளைத்தால் பதியும்போது நாடா மெதுவாக ஓடும், அதையே நல்ல மிஷினில் போட்டால் எல்லாம் வேகமாகவும் உச்சமாகவும் கேட்கும், பாட்டும் சரி, பேச்சும் சரி என்றாள் மாபெல்.

எங்கள் சமையலறையில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதில் ரேடியோ. ரெக்கார்டருக்குப் பேட்டரிதான். அந்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை முழுக்க நான் பிஸ்கட் டப்பாவை இரண்டு கரண்டியால் தட்டித் தட்டி, பதிந்து, கேட்டு, அழித்து, மறுபடி பதிந்துகொண்டிருந்தேன். பேட்டரியைத் தின்று தீர்த்தது நான்தான். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அது எனக்கு நினைவுக்கு வந்ததில்லை. அந்த ஸ்டுடியோவில் நின்றபோது கரண்டியின் பிடிகூடக் கையில் தெரிந்தது.

ரீங்காரத்தை ஐம்பதுக்கு இறக்கிவிட்டால் எல்லாம் சரியான இடத்துக்கு வந்துவிடும், இறக்கட்டுமா என்று மாபெல் கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்னொரு முறை கேட்டாள். சிகரெட் பிடிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போய்விட்டேன், சிகரெட்டை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் என்று நான் காதில் வைத்துக் காப்பாற்றியது ஒரு குரலை. அதை இறக்கினால் அவன் போய்விடுவான். புதிதாக வருகிறவன் யாரோ, அவனை எனக்கு அடையாளம் தெரியாவிட்டால் என்ன செய்வது?

வால்தெர் வெளியே வந்து பக்கத்தில் நின்றான். அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, முயற்சி செய்தால் கேவலமாக இருக்கும். "ஒல்லி, உனக்கு வேணாம்னா அப்படியே விட்டுரச் சொல்றேன். பழைய மாதிரியே கத்திட்டுப் போறேன். என் தொண்டதானே" என்றான். பிறகு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தான். "ஆனா எனக்குக் கேக்கணும் போல இருக்கு."

உள்ளே போய் மாபெலிடம் சரி என்று தலையை ஆட்டினேன்.

முதலில் ரீங்காரம் வந்தது, தணிந்து. அதன் மேல் ஒரு ஆம்பளைக் குரல், கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் சிரிப்பு: "சும்மா இரு குட்டி, பதியுது." எனக்கு அந்தக் குரலைத் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சத்தியமாகத் தெரியவில்லை. மீசை வைத்த, சிகரெட் பிடிக்கிற, இருபது வயது ஆள் ஒருவன் பேசினான். நான் இத்தனை வருஷம் அண்ணனைப் பதினாலு வயதுப் பையனாக வைத்திருந்திருக்கிறேன். பாட்டு மெதுவாகப் போனது. அவன் கூடவே முணுமுணுத்தான், பாடகனுக்கு அரை மூச்சு பின்னால். இது யார், யார் என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசியில் அம்மா கூப்பிட்டாள்.

"அன்செல்மோ, ஆறிப்போகுதுடா."

அந்தக் குரலில் சந்தேகமே இல்லை. இத்தனை வருஷம் கேசட்டில் கேட்ட கீச்சுக் குரலை அம்மாவின் அந்த வயதுக் குரல் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் குரலை நான் மறந்திருக்கலாம், அம்மா குரலைப் போன நவம்பர் வரை கேட்டேன். தணிந்த, நாளெல்லாம் நின்று களைத்த குரல். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. எனக்கு இப்போது நாற்பத்தொன்று. அவள் குரல் சரி என்றால் அடுத்து வருவதும் சரிதான்.

"இதோ வந்துட்டேன்மா."

என் அண்ணன் அவன்தான். அவன் குரல் அதுதான்.

தீனோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அழுதது அவனுக்காக இல்லை, அவன் இறந்ததற்கு அழுது முடித்தவள்தான் நான். அம்மாவுக்காக அழுதேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே, அடுப்புப் பக்கம் நின்று கேட்டபோதே, இது அவன் இல்லை, அது நானும் இல்லை என்று சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு மகன் குரல் மறக்கவே இல்லை. நான்தான் மறந்தேன். கேசட் ஏன் இப்படி இருக்கிறது என்று அவளுக்கு விளங்கியிருக்காது, ஆனால் அது அவன் இல்லை என்று தெரியும். தெரிந்தும் வருஷம் தவறாமல் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து, யாரோ ஒரு பையனின் குரலைக் கடைசி வரை கேட்டு, எனக்காக அவன்தான் என்று சொல்லியிருக்கிறாள். இருபத்து மூன்று முறை. நான் அதை அவள் என்னிடம் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அது அவள் எனக்குத் தந்த மன்னிப்பு. அவளிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்க இனி இடமில்லை.

சாயங்காலம் பதிவு செய்தோம். அசல் வேகத்தில். மெதுவாக அடிப்பது எனக்குக் கைவரவில்லை. கை பழக்கத்தில் ஓடியது, இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏழு முறை கெடுத்தேன். எட்டாவது முறை மாபெல் என் ஹெட்போனில் அண்ணன் முணுமுணுக்கிற பதிவை விட்டாள். அவன் பாடகனுக்கு அரை மூச்சு பின்னால் வந்தான், நான் அவனுக்குப் பின்னால் போனேன். வால்தெர் கத்தவில்லை. அவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். பாடி முடித்துவிட்டு, இந்த ஆல்பம் வெளியே வந்தால் பங்க் பயல்கள் முட்டை எறிவார்கள் என்றான். எறியட்டும் என்றேன்.

பாட்டின் முடிவில் அம்மாவும் அண்ணனும் பேசுகிற அந்த இரண்டு வரியைச் சேர்க்கலாமா என்று தீனோ கேட்டான். கேட்கிறவர்களுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என்றான். வேண்டாம் என்றேன், அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம்.

சரிசெய்த பதிவை மாபெல் புதிய கேசட்டில் ஏற்றிக் கொடுத்தாள். வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்திப் புது பேட்டரி வாங்கினேன். அம்மா வீட்டை இன்னும் காலி செய்யவில்லை. ஏப்ரன் நாற்காலி முதுகிலேயே கிடந்தது, நவம்பரிலிருந்து நான் அதை எடுக்கவில்லை. பழைய ரெக்கார்டரைத் துடைத்து, பேட்டரி போட்டு, மேசையில் வைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். ரீங்காரம் வந்தது, பாட்டு வந்தது, ஆறிப்போகிறது என்று அவள் கூப்பிட்டாள், இதோ வந்துட்டேன்மா என்று அவன் சொன்னான்.

"ஆமாம்மா, அவன்தான்" என்றேன்.